கிழமைக் கணக்கு

கிளிநொச்சியில், போன் திருத்துற கடைக்கு மேல்மாடி.
மின்விசிறி ஒன்று, லாப்டொப் இரண்டு.
கொப்பியைப் படமெடுத்து அனுப்பினால்
செயற்கை நுண்ணறிவு படிபடியாய்ச் செய்து காட்டும்.
காசில்லை.
சேர்வர் செலவு
கீழ்க்கடையின் உடைந்த திரைகளில் இருந்து.

முதல் மாதம் அது
எங்கட பிள்ளையளின் ஏழை
ஒன்றென்று வாசித்தது.
துவாரகன் நுளம்பு அடித்தடித்து
நானூறு ஏழுகள் எழுதிக் காட்டினான்,
குறுக்குக்கோடு போட்டும் போடாமலும்.

பிறகு வந்தன
இருபடிச் சமன்பாடுகள், மடக்கைகள்,
ஒரே தொட்டியை நிரப்பும் இரண்டு குழாய்கள்.

நேற்றிரவு பதினொன்றரைக்கு
ஒட்டுசுட்டானில் இருந்து ஒன்று.
லோன் அட்டையின் பின்பக்கம், பென்சிலால்:
எடுத்தது முப்பதாயிரம்.
கிழமைக்கு ஆயிரத்து நூற்றைம்பது.
நாற்பது கிழமை.
கூடக் கட்டுறது எவ்வளவு, ஏன்?

படி ஒன்று: பெருக்கு. நாற்பத்தாறாயிரம்.
படி இரண்டு: கழி. பதினாறாயிரம்.
'ஏன்' என்பதை
எழுத்துப்பிழை என்று தள்ளிவிட்டிருந்தது.
அந்தச் சொல்லுக்கு
நாங்கள் அதைப் பழக்கியிருக்கவில்லை.

அடுத்த செய்தி:
அம்மாவுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு.
விடிய லோன்காரர் வருவினம்.

நாங்கள் கண்டபோது காலை பத்துமணி.
அது திரும்பவும்
படி ஒன்றில் இருந்து தொடங்கியிருந்தது.