நெடுங்கேணி எடைமேடை, 01-01-1980

பதினொரு லொறி நிற்கிறது.
முதலாவதின் ஓட்டுநர் ஸ்டியரிங்கில் கவிழ்ந்து தூங்குகிறார்.
கடைசி லொறி மதகடி தாண்டி, இங்கிருந்து தெரியவில்லை.
காலபோக நெல், ஈரம் போகாத நெல்.
வடக்கே ஒட்டுசுட்டான் பக்கம் வானம் மூடிக்கொண்டு வருகிறது.

எடைமேடையின் மூளை
பிஸ்கட் பெட்டி அளவில் ஒரு போர்டு.
வன்தட்டு இல்லை. இரண்டு ப்ளொப்பி ட்ரைவ்:
ஒன்றில் எப்படி நிறுப்பது என்ற புத்தி,
மற்றதில் இதுவரை நிறுத்ததெல்லாம்.
கேபிளை எலி தின்றது. ட்ரைவ்களை உமித்தூசி.
வவுனியாவில் பழைய இரும்புக்காரனிடம்
வேறு இரண்டு வாங்கினேன்,
நிறுத்துத்தான் தந்தான்.

புதுக் கேபிளின் ஓரத்தில் சிவப்புக் கோடு.
"சிவப்பெண்டால் அங்கால போகக்கூடாது,"
என்கிறார் கிருபைராசா, மூன்றாவது லொறி.
நாலு வருசம் கண்ணிவெடி எடுத்தவர்,
முழங்காலில் நின்று
நாளுக்கு ஒரு பாய் விரிக்கிற நிலம்.
இல்லையண்ணை, இதில சிவப்பெண்டால்
இங்கயிருந்து தொடங்கு எண்டு அர்த்தம்.
முதலாம் பின் இந்தப் பக்கம்.
நம்பாமல் ஒரு அடி பின்னால் போய் நிற்கிறார்.

மின்சாரம் கொடுத்தேன்.
ஏ: இல்லை, பி: இல்லை என்றது போர்டு.
பற்றரி எப்போதோ செத்து
தனக்கு என்னென்ன உறுப்பு என்பதே மறந்துபோயிருந்தது.
இரண்டு இருக்கு, இரண்டும் 1.44 என்று சொல்லிக்கொடுத்தேன்.
ஏ என்று கூப்பிட்டது. ஒருவரும் அசையவில்லை.
பி என்று கூப்பிட்டது.
இரண்டும் ஒன்றாய் எழும்பி விளக்கைக் காட்டின.

இரண்டுக்கும் ஒரே பெயர்.
மாற்றிவைக்க ஜம்பரும் இல்லை,
தொழிற்சாலையிலேயே ஈயம் வைத்து மூடிவிட்டார்கள்.
இனி கேபிள்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.
நான் கொண்டுவந்ததோ நேர்க் கேபிள்,
முப்பத்துநான்கு கம்பியும் ஒன்றையொன்று திரும்பிப் பாராமல் போகிறது.

நுனிச் செருகியைக் கழற்றி
பத்தாவதிலிருந்து பதினாறாவது வரை
பிளேட்டால் கீறிப் பிரித்து
ஏழையும் சேர்த்து ஒருமுறை புரட்டி
மில்லின் வைசில் வைத்து நெரித்தேன்.
நறுக் நறுக்கென்று ஊசிகள் இறங்கின.
புரட்டலுக்கு அப்பால் இருப்பது ஏ,
இப்பால் இருப்பது பி.
ஒரே அச்சில் வார்த்த இரண்டுக்கு
இவ்வளவுதான் வித்தியாசம்.

திரும்பவும் மின்சாரம். திரும்பவும் மறதி.
திரும்பவும் சொல்லிக்கொடுத்தேன்.
ஏ மட்டும் செருமியது,
தலை கர் கர் என்று பின்னுக்குப் போய்
முட்டி நின்று, வாசிக்கத் தொடங்கியது.

யோகமலர் முதல் லொறியை ஏற்றச் சொன்னாள்.
பத்தாயிரத்து நாநூற்று இருபது கிலோ.
துண்டு வந்தது. திகதி 01-01-1980.
"நான் அப்ப பிறக்கேல்லையே," என்றாள்.
கிருபைராசா அதை வாங்கி
எட்டப் பிடித்து வாசித்தார்.
"அண்டைக்கு இந்தக் காட்டில
ஒரு கண்ணியும் இல்லை,"
சதுர மீற்றர் கணக்குக் கொடுக்கிற குரலில்.
வரிசையின் பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்.

அந்தத் துண்டுக்கு ஒருத்தரும் காசு தரமாட்டார்கள்.
இன்றைய நாளைத் தட்டி, இன்னொன்று அடித்துக் கொடுத்தேன்.
பெட்டிக் கதவின் உட்புறம்
சிகரெட் மட்டையில் எழுதி ஒட்டினேன்:
கரண்ட் போய் வந்தால்
ஏ 1.44, பி 1.44, பிறகு திகதி.
பற்றரி அடுத்த கிழமை, ரூபாய்க் குத்தி அளவு,
கட்டாயம் கொண்டுவருவேன் என்றேன்.

பிழைத் துண்டைத் தேடினேன், கிழித்துப்போட.
கிருபைராசாவின் சட்டைப் பையில்
நாலாய் மடித்து இருந்தது.
அது அவருடைய நெல்லும் இல்லை.

இரண்டாவது லொறி இறங்கவும் மழை விழுந்தது.
எல்லோரும் படங்கு இழுக்க ஓடினார்கள்.
மேடையில் ஒன்றும் இல்லை.
திரையில் பத்து கிலோ.
பிறகு இருபது.