மூணு ராத்திரி இல்ல

அண்டியாபீஸில் எனக்குத் தொலி பிரிக்கும் வேலை.
சுட்டு, உடைத்து, உலர்த்தி வரும் பருப்பின்மேல்
சிவந்த தொலி ஒன்று ஒட்டியிருக்கும்.
நகம் பட்டால் பருப்பு கீறும்.
பெருவிரலால் பைய உருட்டினால்
தானே கழன்று விழும்.
சில பருப்பில் மட்டும் எவ்வளவு உருட்டினாலும் போகாது.
அதைக் கூடையின் அடியில் தள்ளி
மேலே முழுவெள்ளையைப் பரப்பி
எடைக்குக் கொண்டுபோவேன்.
மேஸ்திரி இதுவரை கண்டதில்லை.

மாங்கரை முதல் பாலூர் வரை
எந்த வீட்டு ஜெபம் என்றாலும்
பதினேழு வருசமாக
சாட்சி சொல்ல என்னைத்தான் எழுப்புவார்கள்.

“எனக்க மொவன் ஜெபினுக்கு மூளைக்காய்ச்சல்.
நெய்யூர் ஆஸ்பத்திரியில டாக்டர் கைவிட்டாச்சு.
மனுசர் ஒருத்தர் எட்டிப் பாக்கல்ல.
மூணு ராத்திரி முழங்காலில நின்னேன்.
மூணாம் நாள் விடியல்ல
பிள்ள கண்ணத் தொறந்து வெள்ளம் கேட்டான்.”

இந்த இடத்தில் என் குரல் உடையும்.
எங்கே உடைய வேண்டும் என்று
குரலுக்கே பழகிவிட்டது.
பெண்கள் முந்தானையை வாயில் வைப்பார்கள்.
மூன்றாம் வரிசைப் பாயிலிருந்து
மைனி நேசபாய்
ஆமென் என்பாள்.

போன சனிக்கிழமை.
நாளைக்குத் திருவிருந்து,
உள்ளத்தப் பாத்துட்டு வாங்க என்று
ஐயர் சொல்லியிருந்தார்.
உள்ளத்தைப் பார்க்க எனக்குத் தெரியாது.
கையைப் பார்த்தேன்.
முன்பு அண்டி தல்லிய காலத்து நெய்க்கறை
நகக்கண்ணில் இன்னும் கறுத்துக் கிடந்தது.
எத்தனை சாம்பல், எத்தனை சோப்பு.

டாக்டர் கைவிடவில்லை.
“பாப்போம்மா” என்றார், அவ்வளவுதான்.
ராத்திரி இரண்டு.
அதில் ஒன்று வராந்தா பெஞ்சில்
குறட்டைவிட்டுத் தூங்கினேன்.
கடைசி பஸ்ஸில் மைனி வந்தாள்.
பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள்,
என் கையிலிருந்த மருந்துச்சீட்டை வாங்கினாள்,
கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள்.
நாலு பவன்.
விடிந்ததும் கருங்கல் சொசைட்டியில்
என் பேரில் அடகு வைத்தோம்.
திருப்பித் தாறேன் என்றேன்.
ஏல நோட்டீஸ் வந்தது.
வேதப்புத்தகத்துக்குள் மடித்து வைத்தேன்.
எந்தப் பக்கம் என்று தெரியும்.
அந்தப் பக்கத்தை மட்டும்
பிறகு நான் வாசித்ததில்லை.

செயினைச் சொன்னால்
அற்புதம் சிறுத்துப்போகும் என்று பயந்தேன்.
உமக்காகத்தான் மறைக்கிறேன் என்று
ஆண்டவரிடமே சொல்லியிருக்கிறேன்.
அதுவும் பொய்.
கடன்தான் காரணம்.

அன்று ஜெபம் மைனி வீட்டில்.
வழக்கம்போல் எழுப்பினார்கள்.
“எனக்க மொவன்” என்று தொடங்கி
முழங்கால் வரைக்கும் வந்துவிட்டேன்.
“மூணு ராத்திரி இல்ல. ரெண்டு.”
யாரோ இருமினார்கள்.
ஃபேன் கறகறவென்று சுற்றியது.
எல்லாம் சொன்னேன்.
அழகாக வரவில்லை.
குரல் உடைய வேண்டிய இடத்தில் உடையாமல்
பவன் கணக்குச் சொல்லும்போது மூக்கு ஒழுகியது.

முடிந்தபோது ஆமென் இல்லை.
மைனி பாயின் கோரையைக்
கிள்ளிக்கொண்டிருந்தாள்.
ஐயர் அவசரமாகப் பாட்டு எடுத்தார்.
பிறகு கட்டஞ்சாயா கொண்டுவந்தவள்
எனக்கு நீட்டும்போது
“சூடு” என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

மனந்திரும்பினால் வானம் திறக்கும் என்று
நானே எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறேன்.
எனக்கு ராத்திரி முழுக்க வயிறு கலங்கியது.

காலையில் பந்தியில் கையை விரித்தேன்.
அப்பத்தின் ஓரத்தில் கறை தெரிந்தது.
மூடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை, தொலி போகாத பருப்பை
கூடையின் மேலேயே வைத்தேன்.
மேஸ்திரி என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு
நாற்பது ரூபாய் கழித்தான்.

இன்றைக்குக் கூலி.
ஐநூறு ரூபாயை மைனியிடம் நீட்டினேன்.
இன்றைய பவன் விலைக்கு
நான் சாகும்வரை கொடுத்தாலும் தீராது.
வாங்கினாள்.
விரலை நாக்கில் தொட்டு
இரண்டு தரம் எண்ணினாள்.

எண்ணட்டும்.