மீதித் துணி

தவக்காலம் ஐந்தாம் ஞாயிறுக்குள் பதினோரு உறை வேண்டுமென்று
கோயில்பிள்ளை பெலவேந்திரம் அளவு கொண்டுவந்தார்,
மெழுகுவத்திப் பெட்டியின் அட்டையில் எழுதி.
சூசையப்பருக்கு ஐந்தடி.
அந்தோணியார் கையில் குழந்தை இருப்பதால் கொஞ்சம் லூசாக.
விளக்குத்தூண் பக்கம் மொத்தக் கடையில்
ஊதா காடா ஒரு முழு பீஸ் எடுத்தேன்.
மீதி கிடந்தது.

மறுவாரம் தேர்தல் தேதி அறிவித்தார்கள்.
வருவாய் ஆய்வாளர் வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார்:
"தலைவர் சிலை மூணு மூடணும்மா.
வெள்ளை போட்டா பிணம் மாதிரி இருக்குன்னு சண்டைக்கு வர்றாங்க.
பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், காவி எதுவும் ஆகாது.
கறுப்பு கேக்கவே வேணாம்.
எந்தக் கட்சிக்கும் இல்லாத நிறம் ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது.

ஆக அந்த வருஷம் ஞானஒளிவுபுரத்தில்
ஒரே பீஸில் கிழித்த துணிக்குள்
புனிதர்கள் கோயிலில் நின்றார்கள்,
தலைவர்கள் ரோட்டில் நின்றார்கள்.
கை உயர்த்திய தலைவருக்கு
ஒன்றரை மீட்டர் கூடுதலாகப் பிடித்தது.
பில்லில் அதைத் தனியாகப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் தனிஸ்லாஸ்
நாற்பது வருஷம் ஒரே சின்னம்.
ஜெபமாலை ஒரு பையில், உறுப்பினர் அட்டை இன்னொரு பையில்.
சட்டை தைத்தது நான்.
இரண்டு பையும் ஒரே ஆழம்.

ஒருமுறை அவர் கட்சி கூட்டு வைத்தது,
எங்கள் கல்லறைத் தோட்டத்துச் சிலுவையை உடைத்தவனுக்கு
ஜாமீன் எடுத்த ஆளோடு.
அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.
காலையில் போய் அதே சின்னத்தில் அழுத்திவிட்டு வந்தார்.
"பேதுரு மூணு தடவை மறுதலிச்சார்.
நான் ஒரு தடவைகூட இல்ல" என்றார்.
யாரை என்று நான் கேட்கவில்லை.

அவர் இறந்தபோது பெட்டி மேல் கொடி போர்த்தினார்கள்.
கோயில் வாசலில் சாமியார் கை காட்டி நிறுத்தினார்.
வட்டச் செயலாளர் ஒச்சப்பன் கொடியை மடித்து
மார்போடு வைத்துக்கொண்டு
பூசை முடியும்வரை வெயிலில்
செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார்.
வெளியே வந்ததும் மறுபடி போர்த்தினார்.
குழிக்குள் இறக்கும்போது
எடுப்பதா விடுவதா என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் கொடியின் ஓரத்தைப் பார்த்தேன். தையல் பிரிந்திருந்தது.
"அப்படியே விடுங்க" என்றேன்.

குருத்து ஞாயிறன்று சுற்றறிக்கை வாசித்தார்கள்.
எந்தக் கட்சியின் பேரும் அதில் இல்லை.
மனச்சான்று, சிறுபான்மையர் நலம், ஜெபம்.
முடித்ததும் ஆண்கள் பக்கம் ஒரு இருமல்,
பெண்கள் பக்கம் பதில் இருமல்.
தெற்குத் தெருக்காரர்கள் இருமவில்லை.
ஞானஸ்நானத்துக்கு ஒரு பேர், சாதிச் சான்றிதழுக்கு ஒரு பேர்
என்று வாழ்கிறவர்கள்.
அவர்கள் யாருக்குப் போடுவார்கள் என்று
சுற்றறிக்கைக்குத் தெரியாது.

பெரிய சனி ராத்திரி பதினோரு உறையையும் கழற்றினோம்.
விடியலில் பூ வாங்க மாட்டுத்தாவணிக்குப் போகிறேன்.
முக்கில் காற்றுக்கு முடிச்சு அவிழ்ந்து
தலைவரின் கை மட்டும் வெளியே தெரிந்தது.
ஊதாவைக் கண்டதும்
என் கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது.
நெஞ்சுக்கு வருமுன் நிறுத்திக்கொண்டேன்.
ஷேர் ஆட்டோவில் யாரும் பார்க்கவில்லை.
தொடங்கியது பாவமா, நிறுத்தியதா?
பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் சாமியார் சிரித்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை ஓட்டு, எங்கள் பங்குப் பள்ளிக்கூடத்தில்தான்.
எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை
யாரோ காலண்டரால் மறைத்திருந்தார்கள்.
எதில் அழுத்தினேன் என்பது
தனிஸ்லாசுக்கும் தெரிய வேண்டாம்.

ஞாயிறு, நன்மை வாங்க வரிசை.
இடது கை மேலே, வலது கை கீழே.
மை வைத்த விரலுக்குப் பக்கத்தில்
அப்பம் வந்து உட்கார்ந்தது.
சாமியாரின் விரலிலும் மை.
"கிறிஸ்துவின் திருவுடல்."
"ஆமென்."

முக்கில் இன்னும் துணியை அவிழ்க்கவில்லை.
எண்ணி முடிக்க
நாற்பது நாள் இருக்கிறதாம்.