எட்டாம் கட்டம்

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்.
கிரிம்ஸ்பியில் மழை கிடையாகப் பெய்கிறது.
விற்ற தேவாலயத்தின் பணத்தைப் பங்கிட
நூலகத்தின் பின்னறையில் ஐந்து பேர்.
நான் நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவன்.
எனக்கு ஓட்டு இல்லை. பிஸ்கட் உண்டு.

தேவாலயம் இப்போது உடற்பயிற்சிக் கூடம்.
பிரசங்க மேடை நின்ற இடத்தில்
எவ்வளவு ஓடினாலும் அங்கேயே நிறுத்துகிற இயந்திரங்கள்.
"முன்பும் அப்படித்தானே" என்றார் க்ளைவ் ப்ளென்கின்.
அதை நான் குறிப்பில் எழுதவில்லை.

முதலில் ஜெபம்.
வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும்
என்ற வசனத்தை வாசித்து மூடிவிட்டு
படிவங்களை மும்மூன்று பிரதியாக அடுக்குகிறார்
பொருளாளர் வினிஃப்ரெட் டக்கெட்.
முப்பது வருடம் மீன் ஏலக் கூடத்தில் கணக்கு எழுதியவர்.
செதில் ஒட்டிய நோட்டையும் எண்ணத் தெரிந்த விரல்கள்.
அவர் தலையசைக்காமல் இங்கே
ஒரு பென்னியும் எழுந்து நடந்ததில்லை.

இளைஞர் கால்பந்துக்கு வலை: சரி.
முதியோர் மதிய உணவுக்கு மேஜை: சரி, ஆனால் ஆறு போதும்.
பதினேழாம் விண்ணப்பம்.
டான்யா ப்ராக்கிள்ஸ்பி.
மூடிக்கிடந்த தூண்டில் கடையில் ஒரு சலவை அறை.

மெஷின் கெட்டுப்போய்
மாற்ற வழியில்லாத வீடுகளுக்கு;
மெஷின் இருந்தும்
மின்சார மீட்டரில் போடக் காசில்லாத வீடுகளுக்கு;
படுக்கை நனைக்கும் பிள்ளைகளுக்கு,
பள்ளியில் அவர்கள் பக்கத்தில்
யாரும் உட்காராத நாள்களுக்கு.
வேண்டியது துவைக்க இரண்டு, உலர்த்த ஒன்று.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பவுண்டு.

எட்டாம் கட்டம் கேட்கிறது:
உங்கள் பணியில் விசுவாசம் எவ்வாறு வெளிப்படுகிறது?
நூறு சொற்களுக்கு மிகாமல்.

மிகவில்லை.
ஒரு சொல்லும் இல்லை.
வெள்ளைவெளேரென்று இருந்தது அந்த இடம்.

போன மாதம் ஒருவர் அதே கட்டத்துக்குள்
கர்த்தரை ஒன்பது முறை கூப்பிட்டிருந்தார்.
அவர் கேட்டது ஒலிபெருக்கி.
கொடுத்தோம்.

"ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்" என்றார் தலைவர்.
"பொய்யாகவா?"
"மரியாதைக்காக, க்ளைவ்.
இது அந்தக் கூரையையும் மணியையும் விற்ற காசு.
என் அம்மாவின் சவப்பெட்டி கடந்த வாசலை விற்ற காசு."
அதற்கு யாரிடமும் பதில் இல்லை.
அவர் சொன்னதும் நியாயம்தான்.
மழை மட்டும் ஜன்னலைக் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தது.

வினிஃப்ரெட் பேனாவை மூடினார்.
"ரெஜினால்டின் கடைசி இரண்டு குளிர்காலமும்
விரிப்புகளைக் குளியல் தொட்டியில் போட்டு
காலால் மிதித்துத் துவைத்தேன். நள்ளிரவில்.
கொடியில் காயப்போட்டால் தெரு எண்ணும் என்று
மாடிப்படிக் கைப்பிடியில் போட்டேன்.
மூன்று நாளானாலும் ஈரம் போகாது.
ஞாயிற்றுக்கிழமை உங்கள் எல்லார் கையையும் குலுக்கினேன்.
யாருக்கும் தெரியாது."

கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.
"உலர்த்த ஒன்று போதாது. இரண்டாக்குங்கள்."

நான் எழுதினேன்:
விவாதத்துக்குப் பின் ஏற்கப்பட்டது. தொகை திருத்தப்பட்டது.
எதிர்ப்பு: இல்லை. வாக்களிக்காதவர்: ஒருவர்.

சித்திரை வெயில் போல ஏதோ ஒன்று
இந்த ஊருக்கும் ஏப்ரலில் இரண்டு நாள் வரும்.
அப்போது வந்தது அவருடைய அறிக்கை.
பயனடைந்தோர் எண்ணிக்கை என்ற இடத்தில்:
ஆட்களை எண்ணவில்லை. எண்ணினால் வரமாட்டார்கள்.
விரிப்புகள் அறுநூற்றுப் பதினொன்று.
ஜோடி தொலைந்த காலுறைகள் ஒரு வாளி;
உங்களில் யாருக்காவது வேண்டுமானால் சொல்லவும்.

எட்டாம் கட்டம் மறுபடியும் வெறுமை.
ஓரத்தில் மட்டும் ஈரக் கை பட்ட சுருக்கம்,
கொஞ்சம் சோப்புத் தூள்.

தட்டிவிடாமல் கோப்பில் வைத்தேன்.
இப்போது அந்த இரும்பு அலமாரியில்
எந்தக் காகிதத்தை எடுத்தாலும்,
கர்த்தரை ஒன்பது முறை கூப்பிட்டதை எடுத்தாலும்கூட,
துவைத்த துணி மணக்கிறது.