வெளியேறிய நேரம்

மூன்று பேர் வந்திறங்கினார்கள்,
நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளோடு.
லிலோங்வேயில் அது மே மாதம்.
காலையில் ஸ்வெட்டர் வேண்டும், பத்து மணிக்குக் கழற்ற வேண்டும்.
விமான நிலையத்தில் நான் தூக்கிப் பிடித்த அட்டையில்
குழுத் தலைவி ஹன்னெலே ரௌதியோவின் பெயரில்
ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
பார்த்தார். சிரித்தார்.
குறித்துக்கொள்ளவில்லை என்றே நம்புகிறேன்.

நச்சுக் கழிவை நாடு தாண்டி அனுப்பக்கூடாது
என்பதற்கு ஓர் உடன்படிக்கை.
அதற்கொரு தலைமையகம் வேண்டும்:
எழுபது மேசை, ஆறு மொழி, ஒரு கொடிக்கம்பம்.
களத்தில் மிஞ்சியவை இரண்டே ஊர்கள்.
மற்றது ஏரிக்கரையில் இருக்கிறது.
எங்களுக்கும் ஏரி உண்டு என்றேன், காரில் ஒன்றரை மணி நேரம்.
"போக்குவரத்து நாற்பதாம் கேள்வியில் வருகிறது"
என்றார் இபார்குரென், பக்கத்தைப் புரட்டாமலே.

வாரத்துக்கு எத்தனை விமானம்?
பன்னாட்டுப் பள்ளியில் குதிரையேற்றம் உண்டா?
இரவு இரண்டு மணிக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் கிடைக்குமா?
தூதரக விலக்கு சமையல்காரருக்கும் பொருந்துமா,
அவருடைய மனைவிக்கு?
எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பொய் சொல்லவில்லை.
வகுப்புப் புகைப்படத்தன்று பிள்ளையின் சட்டைக் காலரை
இழுத்து விடுவோமே,
உண்மைக்கு அந்த அளவுதான் செய்தேன்.

மூன்றாம் நாள், முப்பத்தெட்டாவது ஸ்லைடில்
மின்சாரம் போனது.
மின்வாரியத்தில் எனக்கு ஒரு மைத்துனன் இருக்கிறான் என்பதே
அமைச்சகத்தின் மொத்த ஏற்பாடு.
திரைச்சீலை இழுத்த இருட்டில் எண்ணினேன்.
அவர்களும் எண்ணிக்கொண்டிருப்பது கேட்காமல் கேட்டது.
பதினொன்றில் ஜெனரேட்டர் உறுமியது.
ரௌதியோ எழுதினார்:
இரண்டு ஒன்றுகள், ஒல்லியாக, ஒட்டி ஒட்டி.

கடைசி நாள்.
நிகழ்ச்சி நிரலில் கைவினைச் சந்தை என்றிருந்தது.
ஓட்டுநர் பெஸ்டிங்ஸிடம் கனெங்கோவுக்கு விடு என்றேன்.
விமான நிலையம் போகும் சாலைதான் அதுவும்,
கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.
ஏலத்துக்குக் காத்து நின்ற புகையிலை லாரிகள்.
கண்ணாடியை ஏற்றியும் உள்ளே வந்துவிட்ட இனிப்பு வாசம்.
அவற்றுக்கும் பின்னால், வேளாண் துறையின் தகரக் கொட்டகை.

காவலாளி லாஸ்டன் கம்வெண்டோ
கதவைத் திறக்கவில்லை. நோட்டைத் திறந்தார்.
பெயர். வண்டி எண். எங்கிருந்து. எதற்காக.
நூலில் கட்டிய பேனா.
எதற்காக என்ற கட்டத்தின் முன்
ரௌதியோ வெகு நேரம் நின்றார்.
அது கட்டைவிரல் அகலம்தான்.
"பார்க்க" என்று எழுதினார்.
கம்வெண்டோ வாய்விட்டுப் படித்துப் பார்த்துச்
சாவியை எடுத்தார்.

உள்ளே நானூற்றுப் பதினாறு பீப்பாய்கள்.
நான் பிறப்பதற்கு முன்பே வந்தவை.
வெட்டுக்கிளிக்கு மருந்தென்று, உதவியென்று
கடல் இல்லாத நாட்டுக்குக்
கப்பலேறி, பிறகு ரயிலேறி.
எந்த ஊர் என்று சொல்லும் தாள் உரிந்துவிட்டது.
மண்டையோடு மட்டும் மிச்சம்.
அடி துருத்த இடத்தில் சிமெண்ட் தரை
ஈரப் புகையிலையின் நிறத்துக்கு மாறியிருந்தது.

நூற்றுப் பன்னிரண்டில் எங்காவது
இதற்கொரு கேள்வி வரும் என்று
நான்கு நாள் காத்திருந்தேன்.
இபார்குரென் கைக்குட்டையை மூக்கில் பொத்தினார்.
மூன்றாமவர், அதுவரை பேசியே இராத இளைஞர்,
ஒரு விளிம்பில் விரல் வைக்கப் போனார்.
கம்வெண்டோ நாக்கைச் சப்புக்கொட்டினார்.
கை திரும்பிப் பைக்குள் போனது.

வெளியே வந்ததும் மறுபடி நோட்டு.
இரண்டு கட்டங்கள் காலி.
அவற்றைக் காவலாளிதான் நிரப்ப வேண்டுமாம்.
கைக்கடிகாரத்தைச் சாய்த்துப் பார்த்து
எழுத்து எழுத்தாக எழுதினார்.
வெளியேறிய நேரம்: 10.40.
எடுத்துச் சென்ற பொருள்: ஏதுமில்லை.

பிறகு நோட்டை அவர்கள் பக்கம் திருப்பினார்.
மூவரும் கையெழுத்திட்டார்கள்.