சமுகமளித்தல்

எட்டாம் ஆண்டு, 'ஆ' பிரிவு.
வரவு இடாப்பில் பத்தொன்பதாவது பெயர்
மா. அனிஸ்ரன்.
ஆனி மாதத்தில் மட்டும்
ஒன்பது சிவப்புச் சுழியம்.
எல்லாம் நான் போட்டவை.
நல்ல வட்டமாய்த்தான் வந்திருக்கின்றன.

கடிதம் முன்பே அச்சடித்தது.
பெயரை மட்டும் நிரப்புவேன்.
"தங்கள் பிள்ளை தொடர்ச்சியாகச் சமுகமளிக்காமை
அவதானிக்கப்பட்டுள்ளது."
அவதானித்தது யார் என்று அதில் இல்லை.

மூன்று அனுப்பியும் பதில் வராததால்
வெள்ளி பின்னேரம் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு
குருநகர் ஒழுங்கைக்குள் போனேன்.
சோளகம்
ஒரே கொடியில் கிடந்த வலையையும் வெள்ளைச் சட்டையையும்
சேர்த்து அடித்துக்கொண்டிருந்தது.

எமில்டா கதிரை போட்டா.
மாதா படத்துக்குப் பின்னாலிருந்து
மூன்று கடிதத்தையும் எடுத்து
என் மடியில் வைத்தா.
"சமூகம் எண்டு எழுதியிருக்கிறியள்.
எங்கட சமூகத்தைப் பற்றி
உங்களுக்கு என்ன கதை, ரீச்சர்?"

முவுக்கும் மூவுக்கும் நடுவில் ஒரு சுழிதான்.
அந்தச் சொல்
இந்த ஊரில் யார் யாரை எந்த வாசலில் நிறுத்தியதென்று
அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
தேத்தண்ணி ஆறிப்போனது.

"இது வேற சொல்லு. வாறது எண்டு அர்த்தம்.
பள்ளிக்கு வாறது."
"அப்ப வாறது எண்டே எழுதலாமே."

பிறகு சொன்னா:
"அவன் வந்தவன்."

விடிய அஞ்சுக்கு வள்ளம் கரை பிடிக்கும்.
நண்டு கழட்ட ஆள் வைத்தால்
ஆயிரத்தைந்நூறு கூலி.
பெடியன் கழட்டி முடிய ஏழரை.
தோய்ந்து, சட்டை மாற்றி, ஓடி வர எட்டு.
கேற் பூட்டுவது ஏழு நாற்பதுக்கு.
"நாளைக்கு வா எண்டவராம், காவலாளி ஐயா."

ஒன்பது காலை
மதிலுக்கு வெளியே அவன் நின்றிருக்கிறான்.
உள்ளே நான்
பெயர் கூப்பிட்டு, ஒரு கணம் பொறுத்து,
சிவப்புப் பேனையைத் திறந்திருக்கிறேன்.

இடாப்பில் எதையும் அழிக்கக்கூடாது.

அன்றிரவு கடிதத்தைத் திருப்பி எழுதினேன்.
"பிள்ளையை ஒவ்வொரு நாளும் அனுப்புங்கோ.
ஏலாத நாளில் ஒரு சொல் சொல்லிவிடுங்கோ,
துண்டு எழுத நேரமில்லையெண்டா போன் காணும்.
திங்கள் வராத பிள்ளைக்கு
செவ்வாய்க் கணக்கும் விளங்காது,
பிறகு புதனுக்கு வர வெட்கப்படும்.
வீட்டில் கஷ்டமெண்டா எங்களுக்குச் சொல்லலாம்,
ஒருத்தரும் ஏச மாட்டினம்.
பிந்தினாலும் விடுங்கோ. கேற் திறக்கும்."

அதிபர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.
கடைசி வரியில் பேனை நின்றது.
"ஆர் திறக்கிறது?"
"எனக்கு முதலாம் பாடம் ஓய்வு, சேர்."
"எல்லா நாளுமோ?"
"செவ்வாயும் வியாழனும்."
வரியை அவர் வெட்டவில்லை.
ஒப்பமும் வைக்கவில்லை.
கடிதத்தை மேசையில் என் பக்கமாக நகர்த்தினார்.

செவ்வாய், எட்டு மணி ஐந்து நிமிடம்.
சாவி என் கையில்.
காவலாளி என்னைப் பார்க்காமல்
கடிகாரத்தைப் பார்க்கிறார்.
ஒழுங்கை முனையில் வெள்ளைச் சட்டை ஒன்று
ஓடி வந்து,
என்னைக் கண்டதும்
நடக்கத் தொடங்குகிறது.

கிட்ட வரும்போது
சவர்க்காரத்தையும் மீறிய நண்டு மணம்.
"உள்ள போ" என்கிறேன்.

புதனுக்கு
இன்னும் ஆள் கிடைக்கவில்லை.