தடைக்கால வீட்டுப்பாடம்

கடைசி வேலைநாள்.
மூன்றாம் வகுப்பில் பாதி ஏற்கெனவே ஜன்னலுக்கு வெளியே.
அலமாரியில் இருபத்தாறு கதைப்புத்தகம்,
பிள்ளைகள் முப்பத்தொன்பது.
"ஐஸ் தண்ணியில ஊறும், மீன்பெட்டிக்கு விரிப்பாகும்,
ஆடிட்ல கேட்பாங்க டீச்சர்" என்றார் எச்.எம்.
நான் பூட்டவில்லை.
கைக்குக் கிடைக்காத பதின்மூன்று பேரிடமும் சொன்னேன்:
படகைப் படிங்க.

அறுபத்தொரு நாள்
காசிமேட்டில் விசைப்படகுகள் தோளுரசி நிற்கும்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும்
யாரோ ஒருவருடைய மகள், சாமி,
அடைக்காத கடன்.

வெயிலால் ஜூன் பாதியில்தான் பள்ளி திறந்தது.
பத்தொன்பது புத்தகம் திரும்பின;
ஒன்றில் இறால் வாசம்,
கடைசிப் பக்கம் வரை.

மிதுனா நோட்டை நீட்டினாள்.
நூற்றுநாலு பெயர்,
பென்சில் மழுங்க மழுங்க.
எழுபத்திரண்டைச் சுற்றி ஒரு வட்டம்.

"இதுல காலே இல்ல மிஸ்.
'கடல் ரணி'ன்னு இர்ந்துச்சு.
பெயிண்ட் அடிக்கிற அண்ணாண்ட சொன்னேன்.
சிரிச்சாரு.
அப்பால போட்டாரு."

சாயங்காலம் வார்ஃப் வரை நடந்தேன்.
அந்தப் படகைக் காணோம்.
தடை முடிந்த இரவே கிளம்பிவிட்டதாம்
புதுக் காலோடு.